நாற்பத்தெட்டுப் பற்கள்

என் பழைய சைக்கிளைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது எல்லாம் கிடைத்தது, செயின் வீலைத் தவிர. மிதிகட்டையோடு சுழலும் அந்தப் பெரிய சக்கரத்தின் பற்கள் தேய்ந்து, செயின் வழுக்கிக்கொண்டே இருந்தது. புதியது வாங்கலாம்தான். ஆனால் நடுவில் பூ வெட்டிய பழைய வீல்தான் வேண்டுமென்று எனக்குப் பிடிவாதம். முகநூலில் பழைய சைக்கிள் பிரியர்களிடம் படம் காட்ட வேண்டுமே.

அதே வகைச் சைக்கிளில்தான் எங்கள் தெருவுக்கு மீன்காரர் வருவார். ஆரையம்பதியிலிருந்து மீன்பெட்டியோடு மிதித்து, கல்லடிப் பாலம் ஏறி, காலை எட்டு மணிக்குள் டவுனுக்கு வந்துவிடுவார். அவருடைய வீலில் ஒரு பல்கூடத் தேயவில்லை. புதியது போட்டுத் தருகிறேன், பழையதைத் தாருங்கள் என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

“சேர் கேட்டா இல்லையெண்டு சொல்லுவனா? புதுசுதானே தாறீங்க,” என்றார். இத்தனை வருட வாடிக்கையாளரின் முகத்தை முறிக்க அவருக்கு மனம் வரவில்லை. அது தெரிந்தேதான் கேட்டேன்.

கடையில் கையில் அகப்பட்டதை வாங்கி நானே பூட்டினேன். செயின் எட்டவில்லை, இரண்டு கண்ணி சேர்த்தேன். ஏன் எட்டவில்லை என்று யோசிக்கவில்லை. என் கண்ணெல்லாம் பூ வெட்டிய வீலில்தான்.

“கொஞ்சம் பாரமா இருக்கு சேர். புதுசுதானே, ஓட ஓடச் சரிவரும்,” என்றார் முதல் வாரம்.

சரிவரவில்லை. கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். எட்டு மணி ஒன்பதரை ஆனது. மீனின் கண் மங்கிவிட்டதென்று பெண்கள் முகம் சுளித்தார்கள். ஒரு நாள் என் வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலை அமுக்கிக்கொண்டே சொன்னார்:

“கால் ஏலாமப் போச்சு சேர். அங்கால ரெண்டு தெருவையும் மோட்டார் சைக்கிள்ல வாற மீன்காரனுக்குக் குடுத்திட்டன். மறுகா என்ன, வயசு போகுதுதானே.”

அவர் மணலை மீனை நிறுத்துக்கொண்டிருந்தபோது குனிந்து, நான் பூட்டிய வீலின் பற்களை எண்ணினேன். நாற்பத்தெட்டு. உள்ளே போய் என் சைக்கிளிலிருந்த அவருடைய பழைய வீலை எண்ணினேன். நாற்பத்து நான்கு. செயின் வீலில் பல் கூடினால் மிதி கனக்கும். ஒவ்வொரு மிதிக்கும் அவர் காலில் நான் பாரம் ஏற்றியிருந்தேன்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், “சைக்கிளை விட்டிட்டுப் போங்க அண்ணன், கழுவி எண்ணெய் போட்டுத் தாறன்,” என்றேன். நாற்பத்து நான்கு பல்லுள்ள இன்னொரு புதிய வீலை வாங்கிப் பூட்டி, சேர்த்த இரண்டு கண்ணியையும் கழற்றி, அன்று பின்னேரமே சைக்கிளைக் கொடுத்தேன். அவருடைய பழையதையே திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அது என் சைக்கிளில் மின்னிக்கொண்டிருந்தது, படத்துக்கு நூற்றுக்கணக்கில் விருப்பம் விழுந்திருந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு முன்பே மணியடித்தார்.

“காலுக்கு ஒண்டுமில்ல சேர்! பாலத்தில இறங்கவேயில்ல. என்ன எண்ணெய் போட்டீங்க?”

“சாதாரண எண்ணெய்தான்,” என்றேன்.

சிரித்தபடியே பெட்டியை மூடினார். பிறகு, இனிப் போக முடியாத அந்தத் தெருக்களின் பக்கம் பார்த்தார்.

“அவசரப்பட்டு ரெண்டு தெருவையும் குடுத்திட்டன். என்ட பிழைதான் சேர்.”

நான் மீனுக்கான காசை எண்ணிக் கொடுத்தேன்.