மஞ்சள் கழுத்தும் தீர்ந்துபோன ரோலும்

ஈர சாக்ஸ்ல தேய்ச்ச மூக்குப்பொடி வாசனை... அட்டை ஏறாம இருக்க எங்களுக்கு அதுதான் மருந்து.

நானும் சாந்தியும் ஜுவாலஜி முடிச்ச கையோட ஒரு காட்டு விலங்கு சர்வேல தற்காலிக வேலைக்குச் சேர்ந்தோம். ஊட்டி காந்தல்ல ஒரே ரூம். காலைல கூடலூர் பஸ் பிடிச்சு நடுவட்டத்துல இறங்கி, எஸ்டேட்டைத் தாண்டி சோலைக்குள்ள நடக்கணும்.

தேடினது நீலகிரி மார்ட்டன். உடம்பு கீரி மாதிரி நீளம், மரநாய் மாதிரி மரம் ஏறும். ஆனா கீரி ஒரு குடும்பம், மரநாய் வேற குடும்பம், இது நீர்நாய்க்குச் சொந்தம். பரீட்சைல எழுதினதோட சரி... நேர்ல பாத்ததே இல்ல.

போட்டோவோட வந்தாத்தான் வேலை நீடிக்கும்னு சர்வேயை நடத்தின சார் சொல்லிட்டார். இல்லைன்னா ஊருக்குப் போகணும். ஊருக்குப் போனா சாந்திக்கு உடனே கல்யாணம். அவளுக்கு அந்தக் காடு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு.

எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் அவ மட்டும் போனா. சாயங்காலம் நனைஞ்சுபோய் வந்து நின்னா.

"பாத்துட்டேன்டி! பட்டப்பகல்ல கிளைல நின்னு என்னையே பாத்துச்சு. கழுத்துல மஞ்சத்தூள் பூசின மாதிரி..."

சொல்லிட்டு அழுதா. கேமராவுல பிலிம் ரோல் இல்ல. முந்தின ஞாயித்துக்கிழமை சார் கேமராவை வாங்கிட்டுப் போய், பொட்டானிக்கல் கார்டன்ல மாமியார் வீட்டு ஆளுங்களை எடுத்தே ரோலைத் தீர்த்துட்டார். புது ரோல் தர்றேன்னவர் தரவே இல்ல.

மறுநாள் சாந்தி போய்ச் சொன்னதும் சார் கேட்டார், "மரநாயா இருக்கும்மா. போட்டோ எங்க?"

"மரநாய் ராத்திரிலதானுங்க சார் வெளிய வரும். இது பகல்லீங்க."

"சொன்னா போதுமா?"

ரோல் எங்க போச்சுன்னு கேக்க எங்க ரெண்டு பேருக்கும் வாய் வரல. அந்த மாசத்தோட வேலை முடிஞ்சுது. சாந்தி பொள்ளாச்சிக்குக் கல்யாணமாகிப் போயிட்டா. எனக்கு இன்னும் ஆறல.

இப்ப எல்லார் கைலயும் கேமரா. வாரம் தவறாம காட்டு விலங்கு வாட்ஸ்அப் குரூப்ல யாராவது போட்டோ போட்டு, "இது கீரியா, மரநாயா?"ன்னு கேக்கறாங்க. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. யாரும் படிக்கிறதில்ல.

போன வாரம் ஒருத்தர் நடுவட்டம் ரோட்டுல, காருக்குள்ள இருந்தே எடுத்துப் போட்டிருந்தார். மார்ட்டனேதான். சாந்திக்கு அனுப்பினேன். பாத்துட்டா.

அப்புறம் ஒரே ஒரு வரி வந்துச்சு.

"நான் பாத்தது இதைவிட மஞ்சள்டி."