அவள் பக்கத்தின் அடியில் இருந்த எண்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு காலம். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு இன்டர்நெட் கடையில் வேலை செய்தேன். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், பென்ஷன் எடுத்த கிளார்க். ஊவா தேயிலைத் தோட்டங்களைப் பற்றி ஒரு இணையத்தளமும் வைத்திருந்தார். அதில் லுணுகலைப் பக்கத்துச் சங்கதிகளை நான் எழுதுவேன். ஹல்துமுல்லைப் பக்கத்தை எழுத அதே கடையில் ஒரு பிள்ளை இருந்தாள், என்னைவிட நாலு வயசு இளையவள். என்னைப் போலவே தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்.

வருஷக் கடைசியில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும், யாருடைய பக்கத்தை அதிகம் பேர் பார்க்கிறார்களோ அவர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் முதலாளி. வேலை போனால் நான் மறுபடி தோட்டத்துக்குப் போய் காலைப் பெரட்டில் பேர் கொடுத்துக் கூலி வேலைக்கு நிற்க வேண்டியதுதான்.

பக்கத்தின் அடியில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு எண் ஓடும். என்னுடையது நொண்டும். அவளுடையது ஏறிக்கொண்டே போகும். வயிறு எரிந்தது, அதை எதற்கு மறைக்க. "அண்ணே, டீ ஊத்தவா?" என்று அவள் கேட்டால்கூடக் குத்திக்காட்டுகிற மாதிரியே இருக்கும்.

ஒரு ஆள் எழும்பிப் போனதும் அந்தக் கம்பியூட்டரில் அவர் பார்த்த தடயத்தை எல்லாம் அழித்து, நேரத்தைக் கொப்பியில் எழுதுவது என் வேலை. குவைத்திலிருந்து பெண்டாட்டி போட்ட மெயிலை அடுத்து உட்காருகிறவன் பார்க்கலாமா? அழித்த கையோடு அவள் பக்கத்தைத் திறந்து எண்ணைப் பார்த்துக்கொள்வேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அப்புறம் முதலாளியின் மருமகன் ஆட்களை எண்ணுகிற வேறொரு கணக்கையும் தளத்தில் பொருத்திவிட்டார். அவள் பக்கத்துக்குப் பழைய கணக்கு நூறு பேர் என்றால் புதியது முப்பது என்றது.

"தம்பி, ரெண்டும் ரெண்டு மாதிரிச் சொல்லுது. எது சரியெண்டு பாரும்" என்றார் முதலாளி.

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். அவளே தன் பக்கத்தைத் தட்டித் தட்டி எண்ணை ஏற்றுகிறாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பழைய கணக்கு கம்பியூட்டருக்குள் ஒரு அடையாளம் வைத்து ஆளைத் தெரிந்துகொள்ளும். அடையாளம் அழிந்திருந்தால் புது ஆள் என்று சேர்த்துவிடும். புதியது டெலிபோன் லைனைப் பார்க்கும். ஒரே லைனில் எத்தனை தடவை வந்தாலும் ஒரு ஆள்தான். அதன் பட்டியலில் அவள் பக்கத்தை அதிகம் திறந்தது எங்கள் கடை லைன். ஒவ்வொரு தடவையும் அஞ்சாறு செக்கன்தான். அந்த நேரங்களில் யார் இருந்தார்கள் என்று பார்க்கக் கொப்பியை எடுத்தேன். பத்து இருபது, பத்தே முக்கால், பதினொன்று பத்து. அத்தனையும் நான் அழித்து முடித்த நேரம், என் கையெழுத்து.

என் வயிற்றெரிச்சல்தான் அவளை ஏற்றிவிட்டிருக்கிறது. அதைக் கழித்தால் நான்தான் முன்னால் நின்றேன்.

"புதுசுதான் சரிங்க சேர். கடையில இருந்தே யாரோ அவ பக்கத்தத் தொறந்திருக்காங்க" என்றேன். இதில் ஒரு பொய்யும் இல்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "பிள்ளை, நீரோ?"

"நான் இல்லைங்க சேர்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசைக்குக் கீழே குனிந்து வயர் ஒன்றைச் சரிபண்ணினேன்.

அது வியாழக்கிழமை. வெள்ளி பின்னேரம் கடைத் திறப்பை என் மேசையில் வைத்துவிட்டு, "இனி காலையில நீங்கதான் தொறக்கணும் அண்ணே" என்று போய்விட்டாள்.

அடுத்த வாரம்தான் என் பக்கத்துக்கான பட்டியலைப் பார்த்தேன். தினமும் காலை எட்டரைக்கு, எங்கள் கடை லைனில் ஒருவர், பன்னிரண்டு நிமிஷம். அந்த நேரத்தில் நான் லுணுகலை பஸ்ஸில் இருப்பேன். திறப்பு வைத்திருந்தது அவள் மட்டும்தான். கடைசியாக வந்தது அந்த வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் பன்னிரண்டு நிமிஷம் இருந்து வாசித்திருக்கிறாள்.

அவள் பக்கத்தை நூற்றுக்கணக்கான தடவை திறந்தவன் நான். அவள் என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.