முப்பத்திரண்டாவது ஆணி

விவேக் நகரில் உத்தமனைத் தெரியாத ஒருத்தரைக் காட்டுங்கள் பார்ப்போம். அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எவன் முன்னாலும் கைகட்டி நிற்காமல், பழைய காமிராவைக் கழற்றி மாட்டித் தானே தொழில் படித்தவர். மூவாயிரம் கல்யாணம் எடுத்திருக்கிறார், லேசுப்பட்ட ஆளில்லை.

ஷட்டில் கிளப் சுவரில் முப்பத்தோரு ஆணி, முப்பத்தோரு படம். வருஷா வருஷம் பெண்கள் ஃபைனலில் ஜெயித்த கடைசிப் பாயிண்ட். எல்லாம் உத்தமன் கை. எல்லாம் வெட்டவெளியில், பகல் வெளிச்சத்தில் எடுத்தது.

இந்த வருஷம் மழைக்குப் பயந்து ஆட்டத்தை ஒரு தகர ஷெட்டுக்குள் மாற்றிவிட்டார்கள். "மெழுகுவத்தி வெளிச்சத்துலயும் எடுப்பேன்" என்று செக்ரட்டரி மௌரீனிடம் சொல்லியிருந்தார். உள்ளே போனால் எட்டு டியூப் லைட்டில் மூன்று செத்துக் கிடந்தன. மிச்சம் மினுக்கிக்கொண்டிருந்தன.

முதல் ஃப்ளாஷ் அடித்ததுமே அம்பயர் உமேஷ் கத்தினார். "ஃப்ளாஷ் பேட சார், வேண்டாம்! ஆடுறவங்களுக்குக் கண்ணு கூசுது."

ஃப்ளாஷ் இல்லாமல் ஷட்டரை வேகமாக வைத்தால் படம் கரி. மெதுவாக வைத்தால் ஆளுக்கு நாலு கை. வெளிச்சத்தைக் கூட்ட ஐஎஸ்ஓவை ஏற்றினால் முகமெல்லாம் ரவை கொட்டின மாதிரி. செமி ஃபைனலில் இருநூறு படம் எடுத்தார்; ஒன்றும் தேறவில்லை.

மௌரீன் எட்டிப் பார்த்தாள். "அங்கிள், இது பிளேயரா, பேயா?"

"ஃபைனல்ல பாரு."

"கமிட்டில பேசிட்டாங்க அங்கிள். இந்தத் தடவை படம் வரலைன்னா, அடுத்த வருஷம் வைட்ஃபீல்ட்லேருந்து ஆளாம். என்மேல கோச்சுக்காதீங்க."

"ஆளா! காமிரா மூடியைக் கழட்டவே அவனுக்கு நான் சொல்லித் தரணும்" என்றார். சொல்லிவிட்டு லென்ஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்தச் சுவர் போனால் அவருக்கு வேறென்ன இருக்கிறது?

ஆனால் மூளைக்காரர். குதிக்கிற ஆள் உச்சிக்குப் போய் இறங்குமுன் ஒரு இமைப்பொழுது அந்தரத்தில் நிற்பதைக் கவனித்துவிட்டார். அங்கே பிடித்தால் மெதுவான ஷட்டரிலும் ஆடாது. எவனும் சொல்லித் தரவில்லை.

ஃபைனலில் மமதாவும் வைஷ்ணவியும். வைஷ்ணவி பெயர் வைத்த நாள் முதல் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உத்தமன் காமிரா முன்னால் நின்று வளர்ந்தவள். மூன்றாவது கேம். மமதா இருபது, வைஷ்ணவி பத்தொன்பது. இன்னும் ஒன்று விழுந்தால் மமதாவுக்குக் கப்.

மமதா எம்பினாள். மூவாயிரம் கல்யாணத்தில் ஊறின வார்த்தை உத்தமன் வாயிலிருந்து தானாகத் தெறித்தது.

"அப்படியே நில்லும்மா!"

கிளிக்.

வைஷ்ணவி நின்றுவிட்டாள். சின்ன வயசுப் பழக்கம். ஷட்டில் அவள் காலடியில் விழுந்தது.

உத்தமன் திரையைப் பார்த்தார். அந்தரத்தில் மமதா, கீழே சிலையாக வைஷ்ணவி. ஒரு மயிரிழைகூட ஆடவில்லை. முப்பத்தோரு படத்தையும் தூக்கிச் சாப்பிடுகிற படம்.

"கத்தினது யாரு?" உமேஷ் கூட்டத்தைத் துழாவினார்.

வைஷ்ணவி உத்தமனை ஒரு தடவை பார்த்தாள், காட்டிக்கொடுக்கவில்லை. குனிந்து ஷட்டிலை எடுத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பாயிண்ட் நிற்கும், முப்பத்திரண்டாவது ஆணி அவருடையது. அவ்வளவுதான்.

"நான்தான் சார்."

"லெட்! அந்தப் பாயிண்ட் செல்லாது. திரும்ப ஆடுங்க. நீங்க வெளிய போங்க சார்."

வெளியே தகரத்திலிருந்து வழிந்த மழையில் நனைந்தபடி நின்றார். உள்ளே ஒரே கைதட்டல். யாருக்கு என்று தெரியவில்லை.

மௌரீன் வந்து காமிராத் திரையை எட்டிப் பார்த்தாள். "மமதாதான் அங்கிள். அந்தப் படம் நல்லா வந்திருக்கே! அதையே மாட்டிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

உத்தமன் திரையை இன்னொரு தடவை பார்த்தார்.

"செல்லாத பாயிண்டை மாட்டவா இத்தனை வருஷம் நின்னேன்? போம்மா."

அவள் போனதும் அழிக்கிற பட்டன்மேல் கட்டைவிரலை வைத்தார். அழுத்த முடியவில்லை. இந்த ஊரில் வேறு எவனாலும் எடுக்க முடியாத படம் அது.