கசாயமும் பட்டாளமும்

மகளின் வள்ளி கும்மி அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது வயது. எதிர்ப்புச் சக்திக்கு என்று நிலவேம்புக் கசாயம் கொடுத்தேன். பொட்டலத்தில் ஒரு வேளை என்று போட்டிருந்தது. போதுமா என்ற சந்தேகத்தில் நான் இரண்டு வேளை கொடுத்தேன்.

காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு வலி. எக்கோ பார்த்த இதய மருத்துவர், இதயத் தசையில் அழற்சி என்றார். வைரஸை அழிக்க வந்த எதிர்ப்பு அணுக்கள் தசையையும் உடைத்திருக்கலாம். வழக்கமாக அவற்றின் கண்ணில் படாத புரதங்கள் அப்போது வெளியே வர, அவற்றையும் எதிரி என்று நினைத்துவிடுகின்றனவாம்.

"வைரஸ் போயிருச்சுங்க. தொரத்த வந்த பட்டாளந்தான் போகாம சொந்த ஊட்டு ஆளுகளையே அடிச்சிட்டிருக்குது" என்றார்.

அந்தப் பட்டாளத்துக்கு இரண்டு வேளை ஊட்டியது நான்தானே? மூன்று நாள் மென்று விழுங்கிவிட்டு, நான்காம் நாள் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"ஏனுங் அம்மணி, கசாயத்துக்கு அத்தன சக்தியிருந்தா நான் எதுக்குங்க இத்தன வருசம் படிச்சேன்? இது உங்களால வந்ததில்லீங்க. இனி மட்டும் என்னக் கேக்காம எதையும் குடுக்காதீங்க."

"நல்லாச் சொல்லுங்க டாக்டர்" என்றாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த என் மகள்.

ஆறு மாதம் ஓடக் கூடாது, ஆடக் கூடாது. அரங்கேற்றம் அவள் இல்லாமலே நடந்தது. அதன் பிறகும் பயிற்சிக்கு வருவேன் என்று அடம்பிடித்தாள். சரவணம்பட்டி மைதானத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, கை பிந்துது பாருங்க!" என்று பெரியவர்களை விரட்டினாள். நான் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்தது.

"ஆடட்டுங்க" என்றார் மருத்துவர்.

"குதிக்கிற அடியுங்களா?"

"அதுவுந்தானுங்க. களைச்சா உக்காருவா."

"அவ உக்கார மாட்டாளுங்க."

"அப்ப நீங்க உக்காருங்க."

என்னால் முடியவில்லை. முதல் நாள் பயிற்சியில், தண்ணீர் பாட்டிலோடு வட்டத்துக்கு வெளியே அவள் கூடவே நடந்தேன். பாட்டு வேகமெடுத்ததும் ஓடினேன். அவள் முகம் சிவந்திருந்தது, உதடு நீலமாகவில்லை. இன்னும் ஒரு சுற்று பார்த்துவிடலாமென்று ஓடி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, ஆடறதுன்னா உள்ள வாங்க. இல்லீனா ஒதுங்குங்க, கால மிதிச்சுப்போடுவேன்!"

கத்திவிட்டு, அடுத்த அடிக்குக் குதித்துப் போய்விட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான், மூச்சு வாங்க வாங்க.