தகுதியான இரண்டு அணிகள்

உதைபந்தாட்ட நடுவருக்கு வேண்டிய முதல் தகுதி நல்ல கண்பார்வையோ ஓட்டமோ அல்ல, எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் இருப்பதுதான். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிய எனக்கு அந்தத் தகுதி சிட்னியில் இருந்த வேறு எந்தத் தமிழரையும் விடக் கூடுதலாக இருந்தது. எழுபதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்று பெயர் வைத்த பள்ளிக்கூடங்கள் நான்கின் பழைய மாணவர்கள் இங்கே ஒரு சுற்றுப்போட்டி தொடங்கினார்கள். "கந்தையா அண்ணை பொதுவான ஆள்" என்று சொல்லி விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். கிழமை நாட்களில் லிட்கம்மில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி எண்ணுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலை. சங்கம், கமிட்டி என்று எதிலாவது அகப்பட்டு நொந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கல்லூரிகளின் பெயரை எழுதினால் இன்றைக்கும் சண்டை வரும். ஆகவே சட்டையின் நிறத்தைச் சொல்கிறேன். இறுதிப் போட்டியில் யார் ஆடுவது என்று தீர்மானிக்க, பென்டில் ஹில்லில் டொக்டர் வீட்டுக் கராஜில் கூடிய அன்று வந்திருந்தவர்கள்: நீலக் கல்லூரிக்கு டொக்டர் அம்பலவாணர், சிவப்புக்கு எஞ்சினியர் குலசேகரம், மஞ்சளுக்கு வேதநாயகம் மாஸ்டர், பச்சைக்கு ரயில்வே வேலைத்தளத்தில் பிட்டராக இருந்த செல்வரத்தினம், பொரித்த ரோல்ஸ் தட்டோடு வந்து வந்து போன டொக்டரின் மனைவி, பிறகு நான். ஆறு பேர். கதிரை ஐந்து. நின்றவன் யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

புள்ளியும் தகுதியும்

எந்தக் கல்லூரிக்கும் சிட்னியில் பதினொரு பேர் தேறாததால் அணிக்கு ஏழு பேர் என்று வைத்திருந்தோம். நான்கு அணிகளும் ஒன்றோடு ஒன்று மோதி முடிந்தபோது பச்சை முதலாவது, நீலம் இரண்டாவது, சிவப்பு மூன்றாவது. மஞ்சள் எல்லாவற்றிலும் தோற்றிருந்தது. முதல் இரண்டும் இறுதிக்குப் போக வேண்டும், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று நான் நினைத்தேன்.

எஞ்சினியர் விதிமுறைத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். அதை எழுதியவரும் அவர்தான். அதில் 'முதல் இரண்டு அணிகள்' என்று இல்லை. 'தகுதியான இரண்டு அணிகள் என்று கமிட்டி கருதுபவை' என்று இருந்தது. தன்னுடைய அணி மூன்றாவதாக வரும் என்று சீசன் தொடங்க முன்பே கண்டுபிடித்து எழுதிய மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். நான் புள்ளியைப் பற்றி மெல்ல வாய் திறந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணை, புள்ளி வேற, தகுதி வேற. புள்ளி எவனும் எடுப்பான்."

தகுதிக்குச் சாட்சி

தகுதியை எதனால் அளப்பது என்று அடுத்த விவாதம். நீலமும் சிவப்பும் ஊரில் பரம்பரைப் போட்டியாளர்கள், அவர்கள் மோதினால்தான் சனம் வரும் என்றார் டொக்டர். பச்சை சின்னக் கல்லூரி, சின்னக் கல்லூரி வெல்வது தற்செயல், பெரிய கல்லூரி தோற்பதும் தற்செயல் என்றார் எஞ்சினியர். பிறகு அவர் தன் கல்லூரி எந்தெந்த ஆண்டில் எத்தனை டொக்டர், எத்தனை எஞ்சினியர், எத்தனை நீதவான் உருவாக்கியது என்று விரல் மடக்கத் தொடங்கினார். விட்டுக்கொடுக்காமல் டொக்டரும் மடக்கினார். இருவருக்கும் கை விரல்கள் முடிந்து, காலைப் பார்க்கிற நிலை வந்துவிட்டது.

செல்வரத்தினம் வலது காலை நீட்டி, வீங்கிய முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரோல்ஸ் தட்டை மேசையில் வைக்க இடமில்லாமல் நின்ற டொக்டரின் மனைவிதான் சொன்னார்: "அவ்வளவு டொக்டர்மார் இருந்தால் கோலுக்கு ஆள் என்னத்துக்கு? போஸ்டுக்குக் குறுக்கால சேட்டிபிக்கட்டுகளைக் கட்டிவிடுங்கோவன்."

மருமக்கள் பிரச்சினை

மஞ்சளின் வேதநாயகம் மாஸ்டருக்குத் தன் அணி இறுதிக்குப் போகாது என்பது தெரியும். அவருடைய கவலை வேறு. மஞ்சளுக்குச் சிட்னியில் பழைய மாணவர்கள் நான்கே பேர். மிச்ச இடத்துக்கு அந்தந்த வாரம் லிட்கம் ஸ்டேஷனில் அகப்பட்டவர்களைப் பிடித்துவந்தார். பக்கத்துப் பெண்கள் கல்லூரியும் மஞ்சளும் ஒரே நிர்வாகம் என்பதால், அங்கே படித்த பெண்களைக் கட்டியவர்களையும் பழைய மாணவர்களாகக் கருத வேண்டும் என்று அவர் வருசம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகள்மார் இருவரும் அங்கே படித்தவர்கள். மருமக்கள் இருவரும் நன்றாகப் பந்தடிப்பார்கள்.

அன்றும் கேட்டார். "அப்பிடியெண்டால் சம்பந்தியம்மாவையும் கோலுக்குள்ள விடலாம்" என்று எஞ்சினியர் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். டொக்டரும் சிரித்தார். மாஸ்டர் முப்பது வருசம் வகுப்பில் சிரித்தவர்களைக் கண்டவர். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொன்னார்: "என்ர மருமக்கள் இரண்டு பேரும் உம்மட டீமில இருந்திருந்தால், குலசேகரம், நீர் இண்டைக்கு இந்தக் கராஜுக்குள்ள இருந்து மண்டாடத் தேவையில்லை."

யாருடைய கோல்?

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். சின்னக் கல்லூரியில் படிக்கிற கெட்டிக்காரப் பெடியனை, உயர்தர வகுப்புக்கு வந்ததும் பெரிய கல்லூரிக்கு மாற்றிவிடுவார்கள். செல்வரத்தினமும் அப்படிப் பத்து வருசம் பச்சையில் படித்து, கடைசி இரண்டு வருசம் சிவப்பில் படித்தவர். சிவப்புக்கு எதிராகப் பச்சை வென்ற ஆட்டத்தில் விழுந்த இரண்டு கோலும் அவர் அடித்தவை.

எஞ்சினியர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். செல்வரத்தினம் கடைசியாகப் படித்த இடம் சிவப்பு. ஆகவே அவர் சிவப்பின் பழைய மாணவர். ஆகவே அந்தக் கோல்கள் சிவப்பின் பயிற்சியால் விழுந்தவை. ஆகவே அந்தத் தோல்வியைத் தோல்வி என்று எடுக்கக்கூடாது. இப்படி ஒவ்வொரு 'ஆகவே'க்கும் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். டொக்டர் தலையாட்டினார். கடைசித் தட்டோடு எஞ்சினியர் கேட்டார்: "எங்கட பெடியன் அடிச்ச கோலை எங்களுக்கு எதிரா எண்ணுறது எந்த ஊர் நியாயம்?"

தேத்தண்ணி நேரம்

இடையில் தேத்தண்ணி வந்தது. நான் கராஜ் மூலையில் குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எஞ்சினியர் செல்வரத்தினத்தை அங்கே கூட்டிவந்தார். பொதுவான ஆளுக்குக் காது இல்லை என்பது எல்லாக் கமிட்டிகளிலும் உள்ள நம்பிக்கை.

செல்வரத்தினத்துக்கு முப்பத்தெட்டு வயது. முழங்காலைப் பார்த்து, "இந்த வருசத்தோட பந்தை விட்டிடும்" என்று சொன்னவர் இதே டொக்டர்தான். செல்வரத்தினம் தன் வாழ்க்கையில் ஒரு இறுதிப் போட்டியும் ஆடியதில்லை. பச்சையில் படித்தபோது அந்தக் கல்லூரியை ஒருவரும் இறுதிக்குக் கூப்பிடவில்லை. சிவப்பில் படித்தபோது அணி இறுதிக்குப் போனது, அவரை ஆட விடவில்லை. இதெல்லாம் எஞ்சினியருக்கும் தெரியும். அதனால்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பச்சைக்கு வாக்கு விழாது. நீர் எங்கட சட்டையைப் போடும். வாற ஞாயிறு ஃபைனல் ஆடலாம். இது உமக்குக் கடைசிச் சந்தர்ப்பமல்லே?"

செல்வரத்தினம் தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தார். அவர் ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்று, கழுவிய கோப்பையையே நான் மறுபடியும் கழுவினேன். கோப்பையை என்னிடம் தந்துவிட்டு எஞ்சினியரைப் பார்த்தார். "இரண்டு வருசம் உங்கட டீமுக்கு நான் தண்ணிப் போத்தல் தூக்கினனான். அப்ப என்னை வெளிக் கல்லூரிப் பெடியன் எண்டனீங்கள். இண்டைக்கு முழங்கால் போன பிறகோ நான் உங்கட பெடியன்?"

பொதுவான ஆளின் வாக்கு

நீலத்தைப் பற்றிச் சிக்கலில்லை. இரண்டாவது அணி பச்சையா, சிவப்பா என்பதுதான் வாக்கு. சிவப்புக்கு எஞ்சினியரும் டொக்டரும் கை தூக்கினார்கள். பச்சைக்குச் செல்வரத்தினம். மாஸ்டர் எஞ்சினியரைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கடித்த ரோல்ஸோடேயே பச்சைக்குக் கையைத் தூக்கினார். இரண்டுக்கு இரண்டு.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. மைதானத்தில்கூட விசில்தான் எனக்காகப் பேசும். "பச்சை" என்றேன். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ, அண்ணை" என்றார் டொக்டர். காது இரண்டும் சுட்டது. யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் "பச்சை" என்றேன். எஞ்சினியர் விதிமுறைத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, டொக்டரிடம்தான் சொன்னார்: "எட்டாம் வகுப்பைப் பொது ஆளா வைச்சது எங்கட பிழை."

இரண்டு இறுதிப் போட்டி

ஞாயிறு லிட்கம் மைதானத்துக்குப் போனேன். கோல் போஸ்டில் வலை இல்லை. வலைகள் எஞ்சினியருடையவை. அவற்றை அவர் பக்கத்து மைதானத்தில் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே சிவப்புக்கும் நீலத்துக்கும் 'பெரிய மட்ச்'. பாய் விரித்த சனம், பிள்ளைகள், குளிருக்குப் போர்த்திய மனைவிமார், வெற்றிக் கோப்பை உட்பட எல்லாம் அங்கேதான். டொக்டர் என்னிடம் நடந்துவந்து, தன்னிடம் ஒன்பது பேர் இருப்பதாகவும், கமிட்டித் தீர்மானத்துக்கு மரியாதை கொடுத்து அதில் நான்கு பேரை எனக்கு விடுவதாகவும் சொன்னார். முகத்தில் தானம் கொடுத்தவரின் களை.

அப்படியானால் அங்கே நீலத்துக்கு ஐந்து பேர்தானே என்று எட்டிப் பார்த்தேன். ஏழு பேர் நின்றார்கள். கூடுதல் இரண்டு பேர், மாஸ்டரின் மருமக்கள். நீலச் சட்டை அவர்களுக்குக் கொஞ்சம் இறுக்கம். எஞ்சினியர் அவர்களைப் பார்த்ததையும், வாயைத் திறந்ததையும், ஏழு பேர் இல்லாவிட்டால் பெரிய மட்ச்சே இல்லை என்று உணர்ந்து மூடியதையும் நான் இங்கே நின்று பார்த்தேன். இவர்கள் எப்போது நீலத்தில் படித்தார்கள் என்று மாஸ்டரிடம் கேட்டேன். மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பெரிய மட்ச் பக்கம் நடந்தபடியே சொன்னார்: "மூத்தவன்ர தகப்பன் நீலத்தில படிச்சவராம். மற்றவனுக்குத் தாய்மாமன். இண்டைக்குக் காலமைதான் எனக்கும் தெரியும்."

நாலுக்கு நாலு

பச்சை ஏழு பேர், நீலம் நான்கு பேர். ஐந்து பேருக்குக் குறைந்தால் எதிரணி ஆடாமலே வென்றதாக அறிவிக்க வேண்டும், விதியில் அது தெளிவாக இருந்தது. விசிலை வாய்க்குக் கொண்டுபோனேன். முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த செல்வரத்தினம் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். "அண்ணை, அதை ஊதாதேங்கோ. ஆடாமல் வெளியில நிண்டு எனக்குப் பழக்கம். ஆடாமல் வெண்டு பழக்கமில்லை." தன் ஆட்களில் மூன்று பேரை வெளியே இருத்தினார். நாலுக்கு நாலு.

வலை இல்லாததால் ஒவ்வொரு கோலுக்கும் பந்து ரயில் பாதை வேலிவரை ஓடியது. நீலத்தின் நான்கு பேரும் இளந்தாரிகள். மிச்சத்துக்கு விடப்பட்டவர்கள் என்ற கோபத்தைப் பச்சையின் மேல் காட்டி முதல் கோலை அடித்தார்கள். பச்சை ஒன்றைத் திருப்பியது. முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் செல்வரத்தினத்திடம் பந்து வந்தது. அவரால் ஓட முடியவில்லை. நடந்து போனார். அவர் ஓடப் போகிறார் என்று எதிர்பார்த்து கோல்காரன் ஒரு பக்கம் சாய, மற்றப் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டார். நான் விசில் ஊதியபோது அவர் புல்லில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கு ஒன்று.

அந்த நேரம் பக்கத்து மைதானத்தில் பெரிய கைதட்டல். டொக்டர் பேச, எஞ்சினியர் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் படத்துக்கு நின்றார். டொக்டரின் மனைவி மட்டும் ரோல்ஸ் தட்டோடு எங்கள் பக்கம் வந்தார், அங்கே பேச்சு முடிய ரோல்ஸ் ஆறிவிடும் என்றார். கோப்பையைப் போய்க் கேட்போமா என்று நான் செல்வரத்தினத்திடம் கேட்டேன். படுத்தபடியே ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். "விடுங்கோ அண்ணை. தகுதியான ஆக்கள் வெறுங்கையோட வீட்டுக்குப் போகேலுமே?"

தகுதியான இரண்டு அணிகளைத் தேடிப் புறப்பட்ட எங்கள் கமிட்டி ஒரு இறுதிப் போட்டியை இரண்டாக்கி, இருந்த ஒரே கோப்பையை மூன்றாவதாக வந்தவரிடம் கொடுத்து முடிக்கையில், பச்சை ஏழு, நீலம் நான்கு, தட்டோடு ஒரு பெண்மணி, விசிலோடு நான் என்று எங்கள் மைதானத்தில் மிஞ்சியவர்கள் பதின்மூன்று பேர்.