நாற்பத்தொன்றாம் எண் ரத்தம்

கடலூர் செம்மண்டலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துச் சிதம்பரம் வரும் கலைமணிக்கு எங்கள் ஆய்வகத்தில் பதினோரு வருட சர்வீஸ். ரத்தம் எடுப்பதில் கெட்டிக்காரி, வாயாடுவதில் அதைவிட. கூட வேலை பார்க்கும் எனக்கு ஊசி என்றாலே பயம் என்று ஊருக்கே சொல்லிச் சிரித்தவள்.

உடம்புக்குள் சேரும் நச்சை முறிக்கச் சில நொதிகள் உண்டு. அவற்றின் மரபணு மாறியிருந்தாலோ இல்லாமலே போனாலோ தைராய்டு புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நோயாளிகளின் ரத்தம் சேர்ந்துவிட்டது. ஒப்பிடுவதற்கு நோயில்லாதவர்கள்தான் குறைந்தார்கள். ஆள் குறைந்தால் நாங்களே கையை நீட்டிவிடுவது எங்கள் வழக்கம். கலைமணியும் நீட்டினாள். படிவத்தில் ‘கழுத்தில் கட்டி இல்லை’ என்ற கட்டத்தில் அவளே டிக் போட்டாள். எண் நாற்பத்தொன்று.

பதினைந்து நாள் கழித்துச் சோதனை ஓட்டினோம். அந்த நொதிகளில் ஒன்றின் மரபணு இருந்தால் கோடு தெரியும். நாற்பத்தொன்றுக்கு நேரே ஒன்றுமில்லை. கலைமணி மறுபடி ஓட்டினாள். மூன்றாம் முறையும் இல்லை.

“ஸ்ரீமதி, எனக்கு வந்துடும்டி” என்று என்னைப் பார்த்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது.

“லூசு மாதிரி பேசாத. நல்லா இருக்கறவங்கள்லயே எத்தன பேருக்கு அது இல்ல, நீதான பாத்த?”

மதியம் சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை. எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. ஆய்வை நடத்தும் டாக்டர் மணவாளனிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் சிரித்தார். “அது இல்லாததாலயே நோய் வந்துடாதும்மா. வாய்ப்பு கொஞ்சம் கூடலாம். அதுவே இன்னும் உறுதியாத் தெரியல.”

கலைமணிக்கு மூச்சு வந்தது. படிவத்தைப் புரட்டியவர் நிமிர்ந்தார்.

“உங்க கழுத்தப் பாத்தது யாரு?”

யாரும் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற முகம்தானே என்று விட்டுவிட்டோம்.

அவர் பின்னால் நின்று அவள் கழுத்தில் விரல்களை வைத்தார். “எச்சில முழுங்குங்க.” முழுங்கினாள். “இன்னொரு தரம்.” வலப்பக்கத்தில் விரல் நின்றது. மூன்றாவது தரமும் முழுங்கச் சொன்னார்.

“சின்னதா ஒண்ணு தட்டுப்படுது. பெரும்பாலும் சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும். இன்னைக்கே ஸ்கேன் எடுத்துடுவோம்.”

வராந்தாவுக்கு வந்ததும் கலைமணி என் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள். தானே தொட்டுப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

“நீ சொல்லுடி. இருக்கா?”

அவள் முழுங்கினாள். பட்டாணி அளவில் ஏதோ என் விரலுக்கடியில் மேலேறி இறங்கியது.

“ஒண்ணும் இல்லடி” என்றேன்.