பாட்டிலில் படிந்த வெள்ளை

நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பீங்கான் பட்டறைகள் வெள்ளைக் களிமண் கழுவிய தண்ணீரை எங்கள் ஏரியில் கொட்டுவதை எதிர்த்து வருடக்கணக்கில் மனு எழுதியவன். அதனால்தான் ஏரி நீரைச் சோதிக்கும் ஊர்க்குழுவில் என்னையும் சேர்த்தார்கள். குழுவை நடத்த வந்த பெண்ணுக்கு அதுதான் முதல் உத்தியோகம். பாட்டிலில் நீரை முகந்து இரண்டு மருந்துகளை விடவேண்டும். பழுப்பாகப் படிந்தால் நீரில் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாகப் படிந்தால் இல்லை. அவள் சொல்லித் தருவதற்கு முன்பே எனக்கு அது தெரியும்.

ஐப்பசியில் வெயிலே எட்டிப் பார்க்காத மூட்டம். ஒரு காலையில் ஏரி முழுக்க மீன் செத்து மிதந்தது. கரையில் ஊரே கூடிவிட்டது. அந்தப் பெண் நீரை முகந்து மருந்து விட்டாள். வெள்ளையாகப் படிந்தது. அந்த நேரம் பார்த்து, பட்டறை டிராக்டர் டேங்கரை இழுத்துக்கொண்டு கரையேறியது.

மீன் குத்தகைக்காரர் பாட்டிலைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். “வெள்ளையா நிக்கிது பாருங்க சார். பட்டறைத் தண்ணிதான மீன கொன்னுது?”

“ஆமா” என்றேன்.

பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். என் மனுவில் ஒரு கையெழுத்துப் போட மறுத்த கூட்டம் அன்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது.

“இல்ல சார், காத்து இல்லாமதான் செத்துதுன்னு சொல்லுங்க சார்!” அந்தப் பெண் என் கையைப் பிடித்து உலுக்கினாள். அதற்குள் டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டிருந்தார்கள்.

“வெறும் மண்ணுத் தண்ணிண்ணே!” என்று அவர் கத்தினார்.

“மண்ணா? அப்ப குடிடா!”

டேங்கர் குழாயைத் திறந்து அதன் அடியில் அவர் முகத்தை அழுத்தினார்கள். மூச்சுக்குத் திமிறித் தலையைத் தூக்கியபோது ஒருவன் மூங்கில் கழியால் வாயில் அடித்தான். வெள்ளைத் தண்ணீர் சிவந்தது. அந்தப் பெண் குறுக்கே விழுந்தாள். “ஏரிய காப்பாத்த வந்தியே, யார காப்பாத்துற? தள்ளும்மா!” என்று ஒருவன் கத்த, அடுத்த அடி அவள் கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு யாரோ டிராக்டரிலிருந்த இரும்புக் கம்பியை எடுத்து டிரைவரின் முகத்தில் இறக்கினான்.

இடது கண் இருந்த இடத்தைப் பார்த்த பிறகுதான் “விடுங்கடா” என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை.

கைக்கட்டோடு அவள் மறுபடி ஏரிக்கு வந்தாள். “அவர போயி பாத்தீங்களா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

போனேன். டிரைவர் வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

“பாட்டில்ல வெள்ளையா இருந்துச்சாமே, அது என்னா சார்?”

“தண்ணில காத்து இல்லன்னு அர்த்தம். வெயில் இல்லாத மூட்டத்துல பாசி காத்து விடாது, அப்படி ஆவும்.”

“அப்ப நான் கொண்டாந்த தண்ணி இல்லியா?”

“இல்ல.”

“அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

அவர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார்.

“இன்னொரு தபா சொல்லுங்க சார்” என்றார் டிரைவர். “அவளும் கேக்கட்டும்.”

சொன்னேன்.